முதல் வீட்டுக்கு வரிச் சலுகை: யார் கைக்குப் போய்ச் சேர்கிறது?

"வீட்டைக் கட்டிப் பார், கல்யாணம் பண்ணிப் பார்" என்று நம் பெரியவர்கள் சொன்னது, சொந்த மனையும் தெரிந்த கொத்தனாரும் இருந்த ஊர்களுக்குப் பொருந்தும். பிழைப்புக்காக மும்பை வந்த நம்மவர்கள் வீடு கட்டுவதில்லை, வாங்குகிறார்கள். கட்டுவதில் உள்ள கஷ்டம் ஒரு விதம் என்றால், வாங்குவதில் உள்ள கஷ்டம் வேறு விதம். அதிலும் முதல் வீடு வாங்கும் இளம் குடும்பத்தினர் கேட்கும் கேள்விகளில் தவறாமல் இடம்பெறுவது ஒன்று உண்டு: "முதல் வீட்டுக்கு அரசாங்கம் வரிச் சலுகை தருகிறதாமே, அது இருக்கும்போதே வாங்கிவிடுவதுதானே புத்திசாலித்தனம்?"

ஒவ்வொரு பட்ஜெட்டுக்கு முன்பும் கட்டுமானத் துறையினர் இத்தகைய சலுகையைக் கேட்பதும், சில ஆண்டுகளில் அது கிடைப்பதும், பிறகு நின்றுபோவதும் வழக்கமாகிவிட்டது. எனவே இதுவரை வந்துபோன சலுகைகள் நம் புறநகர்களின் வீட்டுச் சந்தையில் எப்படி வேலை செய்தன என்று நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. அடுத்த சலுகை அறிவிக்கப்படும்போது இந்தக் கணக்கு நம் பிள்ளைகளுக்குக் கைகொடுக்கும்.

வந்தவையும் போனவையும்

வீட்டுக் கடன் வட்டிக்கு ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் வரை வருமானத்தில் கழித்துக்கொள்ளும் சலுகை 2014-15 நிதியாண்டு முதல் நடைமுறைக்கு வந்தது. இது முதல் வீடு என்று பாராமல் எல்லோருக்கும் பொதுவானது. முதல் வீடு வாங்குவோருக்கென்றே தனியாக வந்தவை மூன்று.

2013-14 நிதியாண்டில் 80ஈ.ஈ. பிரிவு வந்தது. வீட்டு மதிப்பு 40 லட்சத்துக்குள்ளும் கடன் 25 லட்சத்துக்குள்ளும் இருந்தால் கூடுதலாக 1 லட்சம் வரை வட்டிக் கழிவு. 2016-17இல் அதே பிரிவு உருமாறி வந்தது. மதிப்பு 50 லட்சம், கடன் 35 லட்சம், கழிவு ஆண்டுக்கு 50,000 ரூபாய். பிறகு 2019-இல் 80ஈ.ஈ.ஏ. பிரிவு. முத்திரைத்தாள் மதிப்பு 45 லட்சத்துக்கு மேற்படாத வீட்டுக்கு, பொதுவான 2 லட்சம் போக இன்னும் ஒன்றரை லட்சம் வட்டிக் கழிவு. முதலில் ஓராண்டுக்கு என்று அறிவித்து, இரண்டு முறை நீட்டித்து, 2022 மார்ச் 31 வரை ஒப்புதலான கடன்களுக்கு இதைக் கொடுத்தார்கள்.

வரிச் சலுகை ஒருபுறமிருக்க, பிரதமர் வீட்டு வசதித் திட்டத்தின் கீழ் 2015 முதல் வட்டி மானியமும் கொடுக்கப்பட்டது. ஆண்டு வருமானம் 6 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு அதிகபட்சம் 2 லட்சத்து 67 ஆயிரம் ரூபாய் வரை அவர்களுடைய கடன் கணக்கிலேயே வரவு வைத்தார்கள். நடுத்தர வருமானத்தாருக்கு 2021 மார்ச்சிலும், குறைந்த வருமானத்தாருக்கு 2022 மார்ச்சிலும் அது முடிந்தது.

காகிதத்தில் ஒன்றரை லட்சம், கையில் எவ்வளவு?

"ஒன்றரை லட்சம் சலுகை" என்று விளம்பரத்தில் பார்த்தவர்களில் பலர், ஒன்றரை லட்சம் ரூபாய் மிச்சம் என்றே நினைத்தார்கள். அது வருமானத்தில் கழிக்கும் தொகை. வரியில் மிச்சமாவது அதன் ஒரு பகுதிதான். ஓர் எடுத்துக்காட்டைக் கணக்கிடுவோம்.

வீட்டு விலை 45 லட்சம். 30 லட்சத்துக்கு மேற்பட்ட கடன் என்றால் வங்கி விலையில் 80 சதவீதம்தான் தரும். ஆகக் கடன் 36 லட்சம். வட்டி எட்டரை சதவீதம், காலம் 20 ஆண்டு என்றால் மாதத் தவணை சுமார் 31,240 ரூபாய். முதல் ஆண்டில் கட்டும் வட்டி ஏறக்குறைய 3 லட்சத்து 3 ஆயிரம். இதில் 2 லட்சம் பொதுவான கழிவில் போய்விடுகிறது. புதிய பிரிவில் கழிக்க மிஞ்சுவது 1 லட்சத்து 3 ஆயிரம் மட்டுமே. அதாவது சட்டம் கொடுத்த ஒன்றரை லட்சத்தை முழுமையாகப் பயன்படுத்தும் அளவுக்கு வட்டியே இல்லை! 12 லட்சம் சம்பளம் வாங்கி, 20 சதவீத வரிப் படியில் இருக்கும் ஒருவருக்கு, செஸ் சேர்த்து மிச்சமாவது ஆண்டுக்குச் சுமார் 21,500 ரூபாய்.

இந்தத் தொகையும் ஆண்டுதோறும் தேயும். அசல் குறையக் குறைய வட்டி குறைகிறது. பன்னிரண்டாம் ஆண்டில் வட்டி 2 லட்சத்துக்குக் கீழே இறங்கிவிடுவதால் கூடுதல் சலுகைக்கு வேலையே இல்லை. பதினொரு ஆண்டுகளையும் கூட்டினால் மொத்த லாபம் சுமார் 1 லட்சத்து 40 ஆயிரம் ரூபாய். வட்டி ஏழு சதவீதத்தை ஒட்டி இறங்கிய 2020, 2021 ஆண்டுகளின் நிலவரப்படி பார்த்தால் முதல் ஆண்டு மிச்சம் பத்தாயிரத்துச் சொச்சம்தான்.

சம்பளம் குறைந்தவர் நிலை என்ன? ஆண்டுக்கு 9 லட்சம் சம்பளம் வாங்குபவர், நிலையான கழிவு 50,000, சேமநிதி, காப்பீடு, கடன் அசல் வகையில் ஒன்றரை லட்சம், வட்டி 2 லட்சம் ஆகியவற்றைக் கழித்தால் மிஞ்சுவது 5 லட்சம். பழைய வரி முறையில் 2019-20 முதல் 5 லட்சம் வரை வரியே கிடையாது. வரியே இல்லாதவருக்கு வரிச் சலுகை எதற்கு? முதல் வீட்டுக்குத் தள்ளாடுகிறவர் இவர்தான். சலுகை இவரைத் தொடவே இல்லை. சம்பளம் ஏற ஏறச் சலுகையும் ஏறுகிறது. 30 சதவீத வரிப் படியில் இருப்பவருக்கு அதே வீட்டில் முதல் ஆண்டு மிச்சம் 32,000 ரூபாய்.

விலைக்குள் நுழைந்துவிடும் சலுகை

சரி, 1 லட்சத்து 40 ஆயிரம் என்றாலும் லாபம்தானே என்று கேட்கலாம். அது வாங்குபவர் கையில் தங்கினால் லாபம். தங்குமா என்பதுதான் கேள்வி.

45 லட்சத்துக்கு 450 சதுர அடி உள்பரப்பு உள்ள வீடு என்று வைத்துக்கொள்வோம். சதுர அடிக்குப் பத்தாயிரம் ஆகிறது. வாங்க வருவோர் எல்லோரும் சலுகையை நம்பித்தான் வருகிறார்கள் என்று கட்டுபவருக்கும் தெரியும். அவர் சதுர அடிக்கு 300 ரூபாய் ஏற்றினால், அல்லது கொடுப்பதாக இருந்த 300 ரூபாய்த் தள்ளுபடியை நிறுத்திக்கொண்டால், 1 லட்சத்து 35 ஆயிரம் முதல் நாளிலேயே அவர் பக்கம் போய்விடுகிறது. வாங்குபவருக்கோ சலுகை பதினொரு ஆண்டுகளில் சிறுகச் சிறுக வருகிறது. இதில் ஏமாற்று எதுவும் இல்லை. கேட்பவர் கூடி, வீடு கூடாவிட்டால் விலை கூடும். அவ்வளவுதான்.

ரயிலை வைத்துச் சொன்னால் எளிதில் விளங்கும். ஒன்பது பெட்டி லோக்கல் வண்டி ஓடும் தடத்தில் எல்லோருக்கும் பாதி விலையில் சீசன் டிக்கெட் கொடுத்தால், உட்கார இடம் கிடைத்துவிடுமா? நெரிசல்தான் கூடும். ஒன்பது பெட்டியைப் பன்னிரண்டாக நீட்டினால்தான் மூன்று பெட்டி ஆட்கள் கூடுதலாக ஏற முடியும். வாங்குவோருக்குத் தரும் சலுகை, டிக்கெட் விலைக் குறைப்பு. புதிய வீடுகள், கூடுதல் பெட்டிகள்.

எனவே ஒரே சலுகை இடத்துக்கு இடம் வேறு பலன் தருகிறது. கடலுக்கும் சிற்றோடைகளுக்கும் நடுவே அடைபட்ட மும்பைத் தீவுப் பகுதியில் புது மனை கிடையாது; பழைய கட்டடத்தை இடித்துத்தான் புதியது எழும்ப வேண்டும். அங்கே வாங்குவோர் கையில் எவ்வளவு பணம் திணித்தாலும் அது நிலத்தின் விலையாக மாறும். கல்யாணைத் தாண்டி அம்பர்நாத், பத்லாபூர், மேற்கே விரார், தெற்கே பன்வேல், தலோஜா பக்கம் மனை இருக்கிறது. அங்கே கேட்போர் கூடினால் விலையும் கொஞ்சம் ஏறும், கூடவே கட்டடங்களும் எழும்பும். சலுகையால் உண்மையில் புதிய வீடு பிறக்கக்கூடிய இடம் அதுதான்.

ஆனால் அங்கே மனை இருந்தால் மட்டும் போதுமா? மத்திய ரயில்வேயில் சத்ரபதி சிவாஜி மகராஜ் முனையத்திலிருந்து தாணா 34 கிலோமீட்டர், பத்லாபூர் 68 கிலோமீட்டர். தாணாவிலிருந்து பத்லாபூர் வரை ஒரு வழிக்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம் கூடுதல். ஆண்டுக்கு 280 வேலை நாள் என்றால் 420 மணி நேரம். 21,500 ரூபாய் வரி மிச்சத்துக்காக ஒருவர் அவ்வளவு தூரம் தள்ளிப் போகிறார் என்றால், தம் நேரத்தை மணிக்கு 51 ரூபாய்க்கு விற்கிறார் என்று பொருள். அதுவும் நின்றுகொண்டு.

விரார்–டஹாணு நான்கு வழிப் பாதை, பன்வேல்–கர்ஜத் புறநகர்ப் பாதை ஆகியவை மும்பை நகரப் போக்குவரத்துத் திட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் 2016-இல் ஒப்புதல் பெற்றவை; கல்யாண்–பத்லாபூர் மூன்றாவது, நான்காவது பாதைகள் அதன் 3-ஏ கட்டத்தில் 2019-இல் ஒப்புதல் பெற்றவை. வாங்கக்கூடிய விலையில் வீடு கிடைக்கும் எல்லையை விரிப்பது இத்தகைய பாதைகளும் குடிநீர்க் குழாய்களும்தான். சலுகைக்காக விட்டுக்கொடுக்கும் வரிப் பணம் விலைக்குள் கரைந்துபோகலாம். போட்ட தண்டவாளம் கரையாது.

45 லட்சம் என்ற கோடு

எல்லைக்கோடு போட்டுக் கொடுக்கும் எந்தச் சலுகையும் அந்தக் கோட்டை ஒட்டியே சந்தையை வளைத்துவிடும். 2019 ஏப்ரல் 1 முதல் கட்டுமானத்தில் இருக்கும் வீடுகளுக்கு ஜி.எஸ்.டி. இரு விதம். மும்பைப் பெருநகரப் பகுதி முழுவதிலும், உள்பரப்பு 60 சதுர மீட்டருக்குள்ளும் விலை 45 லட்சத்துக்குள்ளும் இருந்தால் 1 சதவீதம். மீறினால் 5 சதவீதம். 45 லட்சத்துக்கு வரி 45,000. விலை அதற்கு ஓர் ஆயிரம் ரூபாய் மேலே போனால் வரி 2 லட்சத்து 25 ஆயிரம். ஆயிரம் ரூபாய்க்காக 1 லட்சத்து 80 ஆயிரம் தாவுகிறது!

விளைவு என்ன? கட்டுபவர் விலையை முதலில் நிர்ணயித்து, அதற்கேற்ப வீட்டை வெட்டுகிறார். சமையலறை சுருங்கும், பால்கனி மறையும். 45 லட்சத்துக்குள் அடங்குகிற வீடு கிடைக்கும். அதில் ஒரு பாட்டி படுக்க இடம் இருக்காது. நாகபுரியிலோ திருச்சியிலோ அதே 45 லட்சத்துக்கு விசாலமான வீடு கிடைத்தது. மாட்டுங்காவிலோ செம்பூரிலோ முலுண்டிலோ புதுக் கட்டடத்தில் ஒரு படுக்கையறை வீட்டுக்கே அது போதவில்லை. நாடு முழுவதற்கும் ஒரே கோடு போட்டால், நம் நகரில் அது புறநகரின் கோடிக்குப் போகச் சொல்லும் கட்டளையாகிவிடுகிறது.

இன்னொரு விஷயம். வண்டி நிறுத்துமிடம், கிளப், மேல்மாடிக் கட்டணம் என்று தனித்தனிச் சீட்டில் பிரித்து, "ஒப்பந்தத்தில் 45 லட்சத்துக்குள்தான் காட்டுவோம்" என்று சொல்பவர்கள் உண்டு. ஜி.எஸ்.டி. வரம்புக்கு அவை எல்லாவற்றையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்பது விதி. ரொக்கமாகக் கொஞ்சம் என்று கேட்டால் அங்கிருந்து எழுந்து வந்துவிடுவதே நல்லது. அந்தப் பணத்துக்குக் கடனும் கிடையாது, ரசீதும் கிடையாது, நாளை விற்கும்போது கணக்கும் கிடையாது.

கடைசித் தேதி என்னும் மணி

முடியும் தேதி குறித்துக் கொடுக்கும் சலுகை சந்தையை என்ன செய்யும் என்பதற்கு நம் கண்முன்னே ஒரு சான்று உண்டு. இது முதல் வீட்டுக்கு மட்டுமானதல்ல என்றாலும் பாடம் ஒன்றுதான். கொரோனாக் காலத்தில் மகாராஷ்டிர அரசு முத்திரைத்தாள் கட்டணத்தை 2020 செப்டம்பர் 1 முதல் டிசம்பர் 31 வரை மும்பையில் 5 சதவீதத்திலிருந்து 2 சதவீதமாகவும், பிறகு 2021 மார்ச் வரை 3 சதவீதமாகவும் குறைத்தது. டிசம்பர் மாதம் மட்டும் மும்பையில் 19 ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் நடந்தன. பதிவு அலுவலக வாசல்களில் கூட்டம் தாங்கவில்லை. சலுகை முடிந்ததும் வேகம் தணிந்தது. அடுத்த ஆண்டு வாங்க இருந்தவர்கள் முன்கூட்டியே வாங்கிவிட்டார்கள் என்பதே இதன் பெரும்பகுதி விளக்கம். இதிலும் பத்துக் கோடி வீட்டுக்காரருக்கு மிச்சம் 30 லட்சம். 45 லட்ச வீட்டுக்காரருக்கு 1 லட்சத்து 35 ஆயிரம்.

முதல் வீட்டுக்கு மட்டும் என்று அமெரிக்காவில் செய்தது இன்னும் தெளிவான பாடம். 2008-இல் வீட்டுச் சந்தை சரிந்தபோது அங்கே முதலில் 7,500 டாலர் கொடுத்தார்கள். அது பதினைந்து ஆண்டுகளில் திருப்பித் தர வேண்டிய வட்டியில்லாக் கடன் போன்றது. 2009-இல் அதை 8,000 டாலர் ஆக்கி, திருப்பித் தர வேண்டாம் என்றார்கள். நம் நாட்டுக் கழிவு போலன்றி அது வரியிலேயே நேராகக் கழியும். வரி அவ்வளவு இல்லாதவருக்கு மீதியை ரொக்கமாகக் கொடுத்துவிடுவார்கள். சம்பளம் குறைந்தவரையும் அது எட்டியது என்பதில் நம்முடையதைவிட மேல். ஆனால் 2010 ஏப்ரல் 30-க்குள் ஒப்பந்தம் போட வேண்டும் என்று தேதி வைத்தார்கள். அந்த வசந்தத்தில் விற்பனை பொங்கியது. ஜூலையில் பழைய வீடுகளின் விற்பனை முந்தைய மாதத்தைவிட 27 சதவீதம் விழுந்தது. அவசரப்பட்டு வாங்கியவர்களில் பலர், காத்திருந்தவர்கள் பேரம் பேசி வாங்கியதைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதாயிற்று.

ஊரில் இருக்கும் வீடு

நம்மவர்கள் தனியாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. முதல் வீடு என்றால் மும்பையில் முதல் வீடு என்று பலர் எண்ணுகிறார்கள். 80ஈ.ஈ.ஏ. பிரிவின்படி, கடன் ஒப்புதலாகும் நாளில் வாங்குபவர் பெயரில் வேறு குடியிருப்பு வீடு இருக்கக் கூடாது. வீட்டு வசதித் திட்டத்தின் மானியமோ, கணவன், மனைவி, மணமாகாத பிள்ளைகள் ஆகியோரில் யார் பெயரிலும் இந்தியாவில் எங்கும் பக்கா வீடு இருக்கக் கூடாது என்கிறது.

திருநெல்வேலியிலோ தஞ்சாவூரிலோ அப்பா கட்டிய வீட்டை, "எனக்குப் பிறகு அலைய வேண்டாம்" என்று மகன் பெயருக்கு மாற்றி வைத்திருப்பது நம் குடும்பங்களில் சகஜம். மகன் அதில் ஒரு நாளும் குடியிருந்திருக்க மாட்டான். ஆனாலும் சட்டத்தின் பார்வையில் அவன் வீட்டுக்காரன். பாகப்பிரிவினையில் வந்த பங்கு என்றாலும் ஆடிட்டரிடம் பத்திரத்தைக் காட்டிக் கேட்ட பிறகே உறுதிமொழியில் கையெழுத்துப் போட வேண்டும். "இங்கே மும்பையில் யாருக்குத் தெரியப் போகிறது?" என்று எவராவது சொன்னால் கேட்காதீர்கள். பின்னால் தெரியவந்தால் மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள். ஊர் வீட்டைப் பெயர் மாற்ற நினைக்கும் பெரியவர்களும், பிள்ளை இங்கே வீடு தேடுகிறானா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யலாம்.

இனி வாங்குவோருக்கு

2022 மார்ச்சுக்குள் கடன் ஒப்புதல் பெற்றவர்களுக்கு மட்டுமே 80ஈ.ஈ.ஏ. கழிவு; அதுவும் பழைய வரி முறையில் இருப்பவருக்கே. 2023-24 முதல், தனியாகக் கேட்டுக்கொள்ளாவிட்டால் எல்லோரும் புதிய முறையில்தான் சேர்க்கப்படுகிறார்கள். அதில் விகிதம் குறைவு. ஆனால் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு கிடையாது. 2025-26 முதல் புதிய முறையில் 12 லட்சம் வருமானம் வரை வரியே இல்லை என்றானபின், பெரும்பாலான இளம் குடும்பங்களுக்கு வரிக்காக வீடு வாங்கும் காரணம் இல்லாமலே போய்விட்டது. 2024-இல் தொடங்கிய வீட்டு வசதித் திட்டத்தின் இரண்டாம் கட்டத்தில், ஆண்டு வருமானம் 9 லட்சத்துக்குள், வீட்டு மதிப்பு 35 லட்சத்துக்குள், கடன் 25 லட்சத்துக்குள் என்றால் ஐந்து தவணையாக 1 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் வரை வட்டி மானியம் என்று அறிவித்தார்கள். தகுதி உள்ளவர்கள் வங்கியில் விசாரித்து, நிபந்தனைகளை எழுத்தில் பார்த்துக்கொள்ளட்டும்.

எந்தச் சலுகை வந்தாலும் போனாலும் மாறாத சில சோதனைகளைச் சொல்லி முடிக்கிறேன். முதலில், சலுகை ஒரு ரூபாயும் இல்லை என்று வைத்துக் கணக்குப் போடுங்கள். மாதத் தவணை, பராமரிப்புக் கட்டணம், சொத்து வரி, ரயில் செலவு எல்லாம் சேர்த்து, கைக்கு வரும் சம்பளத்தில் பாதிக்குள் அடங்கினால்தான் அந்த வீடு நம்முடைய வீடு. இரண்டாவது, அதே கட்டடத்தில் அல்லது அடுத்த தெருவில் ஐந்து ஆண்டு பழைய வீடு என்ன விலைக்குப் போகிறது என்று விசாரியுங்கள். புதிய வீட்டில் எவ்வளவு சலுகை விலைக்குள் நுழைந்திருக்கிறது என்பது அந்த வித்தியாசத்தில் ஓரளவு தெரிந்துவிடும். மூன்றாவது, மழைக்காலத்தில் ஒரு முறை போய்ப் பாருங்கள். 2019 ஜூலை 27 அன்று பத்லாபூருக்கும் வங்கணிக்கும் இடையே மகாலட்சுமி எக்ஸ்பிரஸ் வெள்ளத்தில் சிக்கி, ஆயிரத்துக்கும் மேற்பட்ட பயணிகளைப் படகிலும் பிற வழிகளிலும் மீட்க வேண்டியிருந்தது. மலிவு விலைக்குக் காரணம் எப்போதும் விளம்பரத்தில் இருக்காது. நான்காவது, காலை எட்டு மணிக்கு அந்த நிலையத்திலிருந்து வேலைக்குப் போகும் வண்டியில் ஒரு வாரம் ஏறிப் பாருங்கள். ஏற முடிந்தால் வாங்குங்கள்.

"இந்த மாதத்தோடு சலுகை முடிகிறது" என்று விற்பவர் மணி அடித்தால், அது வண்டி கிளம்பும் மணி என்று பதறி ஓட வேண்டாம். புறநகர்த் தடத்தில் அடுத்த வண்டி வராமல் இருந்ததில்லை. தவறான வண்டியில் ஏறினால்தான் இறங்குவது கஷ்டம். அதிலும் இது இருபது ஆண்டுப் பயணம்.